25 வயதில் ஒரு ஓய்வு, 30 வயதில் இன்னொன்று

ஒரு நஷ்ட வியாபாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

2013 மே மாதம். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் நடப்பு சாம்பியன், லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸி. சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே அந்த அணிக்கு 6 கோல் அடித்துக் கொடுத்திருந்தவர் மைக் மேகி. நல்ல ஃபார்மில் இருந்த அந்த மனிதரை சிகாகோ ஃபயர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு கேலக்ஸி வாங்கியது ராபி ராஜர்ஸ் என்ற வீரரின் ஆட்ட உரிமையை. ராஜர்ஸ் அப்போது எந்த அணியிலும் ஆடிக்கொண்டிருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்பே ஓய்வு அறிவித்துவிட்டு, ஃபேஷன் படிக்கப் போகிறேன் என்று பூட்ஸைக் கழற்றி வைத்தவர்.

மேகிக்கும் சொந்த ஊரான சிகாகோ பக்கம் போக ஆசை இருந்தது என்பது உண்மை. ஆனாலும் அந்த வருடக் கணக்கை விரித்துப் பார்த்தால் கேலக்ஸி ரசிகருக்கு வயிறு எரியும். மேகி இரு அணிகளுக்குமாக மொத்தம் 21 கோல் அடித்து, லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். ராஜர்ஸ் அந்த சீசன் முழுக்க ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

இருந்தும் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் இடம் பிடித்தவர் ராஜர்ஸ்தான். மே 26 அன்று கார்சன் நகர மைதானத்தில் சியாட்டில் சவுண்டர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் 77வது நிமிடத்தில் மாற்று வீரராக உள்ளே வந்தார். கேலக்ஸி 4-0 என ஜெயித்தது. தான் ஒரு தன்பால் ஈர்ப்பாளர் என்று உலகத்துக்கே சொன்ன பிறகு மேஜர் லீக் சாக்கரில் களம் இறங்கிய முதல் ஆண் அவர். சாக்கரோடு நிற்கவில்லை. கூடைப்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால், பேஸ்பால், ஐஸ் ஹாக்கி என்று அந்த நாட்டின் பெரிய தொழில்முறைக் குழு லீக்குகள் எதிலும் அதுவரை அப்படி ஒருவர் ஆடியதில்லை. ஏப்ரல் கடைசியில் கூடைப்பந்து வீரர் ஜேசன் காலின்ஸ் தன்னைப் பற்றி இதே போல அறிவித்திருந்தார். ஆனால் அப்போது அவருக்கு அணி இல்லை. மறுபடி ஆடியது 2014 பிப்ரவரியில்தான்.

இந்தக் கதையை வழக்கமாக எல்லோரும் அந்த 77வது நிமிடத்தில் கைதட்டலோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததில்தான் அதிக ஆர்வம்.

யார் இந்த ராஜர்ஸ்?

கலிஃபோர்னியாக்காரர். 1987 மே 12 அன்று பிறந்தவர். உடன்பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் ஐந்து பிள்ளைகள். கோயில், ஜெபம் தவறாத கத்தோலிக்கக் குடும்பம். 2005இல் மேரிலாந்து பல்கலைக்கழக அணியோடு தேசியக் கல்லூரி சாம்பியன் பட்டம். அடுத்த வருடமே நெதர்லாந்தின் ஹீரன்வீன் கிளப்பில் ஒப்பந்தம். முதல் அணியில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காமல் சில மாதங்களில் ஊர் திரும்பி, கொலம்பஸ் க்ரூ அணியில் சேர்ந்தார்.

கொலம்பஸில்தான் அவர் யார் என்று நாடு பார்த்தது. இடது விங்கில் கோட்டை ஒட்டிப் பாய்கிற ஆட்டம். 2008இல் க்ரூ அணி மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.) கோப்பையை வென்றது, அந்த வருடத்தின் சிறந்த பதினொருவர் பட்டியலில் ராஜர்ஸ் பெயரும் இருந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் போன அமெரிக்க அணியிலும் இருந்தார். 2010 உலகக் கோப்பைக்கான 30 பேர் உத்தேசப் பட்டியலில் இடம் கிடைத்து, இறுதி 23க்குள் வர முடியாமல் போனது. தேசிய அணிக்கு மொத்தம் 18 ஆட்டங்கள், 2 கோல்கள். அதில் ஒன்றை ரசிகர்கள் மறக்கவில்லை. 2011 ஆகஸ்ட்டில் யூர்கன் கிளின்ஸ்மன் அமெரிக்கக் கோச்சாகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டம், பிலடெல்ஃபியாவில், எதிரணி மெக்சிகோ. ஒரு கோல் பின்தங்கியிருந்த அமெரிக்காவுக்கு 1-1 என்று சமன் செய்து கொடுத்தது, மாற்று வீரராக வந்த ராஜர்ஸ்.

இத்தனை வருடமும் அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பெற்றோரிடம் சொல்லவில்லை, உடன்பிறந்தவர்களிடம் சொல்லவில்லை, அறையைப் பகிர்ந்துகொண்ட சக வீரர்களிடமும் சொல்லவில்லை. சிறு வயதிலேயே தெரிந்திருந்தும், தெரியாதது மாதிரி வாழப் பழகிக்கொண்டார். பெண் தோழிகளோடு வெளியே போவது, மற்றவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரிப்பது எல்லாம் அந்தப் பழக்கத்தில் அடக்கம்.

டிரெஸ்ஸிங் ரூம் சிரிப்பு

அந்தச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கால்பந்து கிளப்பின் டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் யாரையும் கூப்பிட்டு வைத்து மிரட்டுவதில்லை. அங்கே நடப்பது கேலி. பாஸைத் தவறவிட்டவனுக்கு ஒரு பட்டப்பெயர், பிங்க் நிறச் சட்டை போட்டு வந்தவனுக்கு ஒரு பட்டப்பெயர். அந்தப் பெயர்களில் பாதி, ஆணை ஆண் விரும்புவதைக் கேவலமாகச் சொல்லும் வசைகள். சொல்பவனுக்கு யார் மீதும் வெறுப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் இருப்பதும் இல்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு ஒவ்வொரு வசையும் எழுத்து மாறாமல் போய்ச் சேர்ந்துவிடும். தான் யாரென்று தெரிந்தால் இந்த அறை தன்னை என்ன செய்யும் என்பதற்கு அவனுக்கு வேறு சாட்சி தேவையில்லை. ராஜர்ஸ் பின்னாளில் கொடுத்த பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். தனித்தனியாக நல்லவர்களாக இருப்பவர்கள், கூட்டமாகும்போது வேறு ஆளாகிவிடுகிறார்கள் என்று.

2012 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். அவரை எடுத்த மேலாளர் அடுத்த சில நாட்களிலேயே வேலை இழந்தார். காயங்கள் வேறு. லீட்ஸுக்கு ஆடியது 4 ஆட்டங்கள். பிறகு ஸ்டீவனேஜ் கிளப்புக்குக் கடனாக அனுப்பினார்கள். அந்தத் தனிமையில்தான் குடும்பத்திடம் உண்மையைச் சொன்னார். எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்று அவர் பயந்திருந்த அந்தக் கத்தோலிக்க வீடு, அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அவரை அணைத்துக்கொண்டது.

2013 பிப்ரவரி 15. லீட்ஸோடு கணக்கு முடித்துக்கொண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. தன் வலைத்தளத்தில் சிறிய கடிதம் ஒன்றை வெளியிட்டார். ரகசியங்கள் ஒரு மனிதனை உள்ளுக்குள் எப்படி அரிக்கும் என்று எழுதினார். தான் தன்பால் ஈர்ப்பாளர் என்பதைச் சொன்னார். கால்பந்தை விட்டு விலகுகிறேன் என்றும் அதே கடிதத்தில் சொன்னார்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். வயது 25. விங்கர் ஒருவரின் கால் நன்றாக ஓடுகிற வயது. உண்மையைச் சொல்வதும் ஆட்டத்தில் தொடர்வதும் ஒன்றாக நடக்கக்கூடியவை என்றே அவருக்குத் தோன்றவில்லை. அந்த வாரம் உலகம் முழுக்க வாழ்த்துகள் குவிந்தன. வாழ்த்தியவர்களில் எத்தனை பேர், ஏன் இந்தப் பையன் வேலையை விட வேண்டும் என்று யோசித்தார்களோ தெரியாது.

ஜஸ்டின் ஃபஷானு

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது.

லண்டனில் பிறந்த ஜஸ்டின் ஃபஷானு, 18 வயதில் நாரிச் சிட்டிக்காக லிவர்பூலுக்கு எதிராக அடித்த கோல் இன்றைக்கும் இணையத்தில் சுற்றுகிறது. 1980 பிப்ரவரி 9. கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கி, ஒரே தட்டில் மேலே எழுப்பி, திரும்பிய வேகத்தில் இடதுகாலால் அடித்தார். பிபிசி அதை அந்த சீசனின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருடம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டனில் அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின வீரர் அவர்.

ஃபாரஸ்டின் மேலாளர் பிரையன் கிளஃப், ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்றவர், கால்பந்து உலகமே மெச்சிய மேதை. ஃபஷானு இரவுகளில் எந்த மாதிரி கிளப்புகளுக்குப் போகிறார் என்ற பேச்சு காதுக்கு வந்ததும், அவரைக் கூப்பிட்டு அவமானப்படுத்தியதை கிளஃப் பின்னாளில் தன் சுயசரிதையில் தானே எழுதியிருக்கிறார். அணிப் பயிற்சிக்கு வரக் கூடாது என்றார்கள். மீறி வந்தவரை வெளியேற்ற போலீஸ் வந்தது. ஃபாரஸ்டுக்கு லீகில் 32 ஆட்டங்களில் 3 கோல்தான். அதன் பிறகு ஊர் ஊராக, கிளப் கிளப்பாக. 1988இல் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே ஹீட் என்ற அணிக்குக்கூட ஆடினார்.

1990 அக்டோபரில் தி சன் பத்திரிகையில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். உலகத்திலேயே அப்படிச் சொன்ன முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். தானும் கால்பந்து வீரரான தம்பி ஜான், அண்ணனைப் பகிரங்கமாகக் கைவிட்டார். 1998இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 17 வயது இளைஞர் ஒருவர் ஃபஷானு மீது பாலியல் புகார் கொடுத்தார். அதை மறுத்த ஃபஷானு, இங்கிலாந்து திரும்பி, மே 2 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 37. அந்தப் புகார் கடைசிவரை நீதிமன்றத்துக்கே வரவில்லை. அவரைப் புனிதராக்கவும் வேண்டாம், குற்றவாளியாக்கவும் வேண்டாம். 1990க்கும் 2013க்கும் நடுவில் இங்கிலாந்தின் எந்த டிரெஸ்ஸிங் ரூமிலாவது ஒரு இளைஞன் வாயைத் திறக்க நினைத்திருந்தால், அவன் கண் முன்னால் வந்திருக்கக்கூடிய ஒரே உதாரணம் இது.

விலகிப் போனவர் திரும்பி வந்தார்

ஓய்வு அறிவித்த ராஜர்ஸை 2013 ஏப்ரலில் போர்ட்லண்ட் நகரில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நைக்கி நிறுவனம் அழைத்திருந்தது. பள்ளி, கல்லூரி அணிகளில் ஆடும் தன்பால் ஈர்ப்பு இளைஞர்களுக்கான கூட்டம். அங்கே வந்திருந்த பிள்ளைகள் தங்கள் பள்ளியில், தங்கள் அணியில், எந்தப் பின்பலமும் இல்லாமல் நின்று சமாளித்துக்கொண்டிருந்தவர்கள். தேசிய அணிச் சட்டை போட்ட தானோ ஓடிவிட்டேன், அங்கே நின்றபோது என்னைக் கோழையாக உணர்ந்தேன் என்று ராஜர்ஸ் பிறகு சொன்னார்.

கேலக்ஸியின் கோச் புரூஸ் அரீனா, வந்து எங்களோடு பயிற்சி எடுத்துப் பார் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அரீனா உணர்ச்சிவசப்படுகிற ரகம் அல்ல. தேசிய அணியை 2002 உலகக் கோப்பையின் காலிறுதிவரை கொண்டுபோனவர். ஆள் ஆடுவானா என்பதுதான் அவருக்குக் கேள்வி. மேகியைக் கொடுத்து ராஜர்ஸை வாங்கிய பேரம் அப்படித்தான் நடந்தது.

ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டார்களா என்ற சந்தேகம் அன்றைக்குப் பலருக்கு இருந்திருக்கும். 2013 சீசன் அதற்கு ஏற்றபடிதான் இருந்தது. மூன்று மாதம் பந்தைத் தொடாத உடம்பு, தொடைத் தசைக் காயம், 11 ஆட்டங்கள், கோல் பூஜ்யம். மறுபக்கம் மேகி சிகாகோவில் கோல் மழை பொழிந்துகொண்டிருந்தார்.

அரீனா 2014இல் செய்த ஒரு மாற்றம், எனக்கு அந்த 77வது நிமிடத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. விங்கரான ராஜர்ஸை இடது தற்காப்பு வீரராக, லெஃப்ட் பேக்காக இறக்கினார். கோல் அடிக்கப் பிறந்தவனைக் கோலைத் தடுக்கச் சொல்வது சின்ன வேலையில்லை. வாழ்நாள் முழுக்க முன்னால் பார்த்து ஓடியவன், தோளுக்குப் பின்னால் யார் வருகிறான் என்று பார்க்கப் பழக வேண்டும். 27 வயதில் ராஜர்ஸ் அதைக் கற்றுக்கொண்டார். சீசனின் பிற்பாதியில் அந்த இடம் அவருடையதானது.

அந்த ஆகஸ்ட்டில் கேலக்ஸிக்கு வந்து சேர்ந்த இன்னொருவர் ஆலன் கோர்டன். முன்கள வீரர். 2013 ஏப்ரலில், அதாவது ராஜர்ஸ் திரும்பி வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, வேறு அணிக்கு ஆடும்போது எதிரணி வீரரைத் தன்பால் ஈர்ப்பைக் கேவலப்படுத்தும் வசையால் திட்டி, கேமராவில் மாட்டி, மன்னிப்புக் கேட்டு, 3 ஆட்டத் தடை வாங்கியவர். அவரும் ராஜர்ஸும் இப்போது ஒரே டிரெஸ்ஸிங் ரூமில். எந்தப் பூசலும் வரவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு கோப்பையை வென்றார்கள்.

2014 டிசம்பர் 7, இறுதி ஆட்டம், எதிரணி நியூ இங்கிலண்ட் ரெவல்யூஷன். லெஃப்ட் பேக் இடத்தில் ராஜர்ஸ். 90 நிமிடம் முடிந்தபோது 1-1. கூடுதல் நேரத்தில், 111வது நிமிடத்தில் சக வீரர் ராபி கீன் அடித்த கோலில் கேலக்ஸிக்கு ஐந்தாவது கோப்பை. அணியின் நட்சத்திரம் லாண்டன் டோனவனுக்கு அது விடைபெறும் ஆட்டம். தலைப்புச் செய்தி முழுக்க அவரைப் பற்றித்தான். ராஜர்ஸைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய தற்காப்பைப் பற்றி எழுதினார்கள். வெளிப்படையாக அறிவித்த பிறகு அமெரிக்காவின் பெரிய குழு லீக் ஒன்றில் பட்டம் வென்ற முதல் ஆண் என்ற தகவல், பல செய்திகளில் ஒரு வரியாகத்தான் வந்தது. அந்த ஒரு வரி எனக்குப் போதும். சமமாக நடத்துவது என்பது வேறு எப்படி இருக்கும்?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ரஷ்யாவுக்கும் கத்தாருக்கும் உலகக் கோப்பையைக் கொடுத்த ஃபிஃபாவுக்கு எங்களைப் பற்றிக் கவலையே இல்லை என்று அதே 2014இல் ராஜர்ஸ் வெளிப்படையாக எழுதினார். 2016இல் காயத்திலிருந்து மீள்வதற்காக கேலக்ஸியின் இரண்டாம் அணிக்கு ஆடியபோது எதிரணி வீரர் ஒருவர் அந்தப் பழைய வசையைச் சொன்னதாகப் புகார் எழுந்தது. வீரர் மறுத்தார், லீக் விசாரித்துத் தடை விதித்தது. ராஜர்ஸுக்குக் கணுக்கால் ஒத்துழைக்கவே இல்லை. அறுவை சிகிச்சை, மறுபடி வலி, மறுபடி வெளியே. 2017 நவம்பரில், 30 வயதில், இரண்டாவது முறையாக ஓய்வு அறிவித்தார். முதல் ஓய்வுக்குக் காரணம் பயம். இரண்டாவதற்குக் காரணம் கணுக்கால்.

அடுத்த மாதமே தொலைக்காட்சித் தயாரிப்பாளர் கிரெக் பெர்லான்டியைத் திருமணம் செய்துகொண்டார். வாடகைத்தாய் மூலம் பிறந்த மகன் அப்போது கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்தான். இப்போது ராஜர்ஸும் தயாரிப்பாளர்தான். 'ஆல் அமெரிக்கன்', 'ஃபெலோ டிராவலர்ஸ்' தொடர்களின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர்.

டோனவன் வெளியேறிய ஆட்டம்

ராஜர்ஸ் ஓய்வுபெற்ற பிறகு எம்.எல்.எஸ்ஸில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. 2018 ஜூனில் மினசோட்டா யுனைடெட்டின் நடுக்கள வீரர் காலின் மார்ட்டின் தானும் தன்பால் ஈர்ப்பாளர் என்று அறிவித்தார். அவர் பிறகு இரண்டாம் நிலை லீகில் சான் டியாகோ லாயல் அணிக்கு மாறினார். அங்கே கோச், லாண்டன் டோனவன். அதே டோனவன்தான்.

2020 செப்டம்பர் 30. சான் டியாகோவுக்கு சீசனின் கடைசி ஆட்டம், பிளேஆஃப் வாய்ப்பு அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஃபீனிக்ஸ் ரைசிங் அணிக்கு எதிராக இடைவேளையில் 3-1 என்று முன்னிலை. எதிரணி வீரர் தன்னை வசைபாடியதாக மார்ட்டின் நடுவரிடம் சொன்னார். டோனவன் நடுவரிடமும் எதிரணிக் கோச்சிடமும் போய், அந்த வீரரை வெளியே எடுங்கள் என்றார். எடுக்கவில்லை. இரண்டாம் பாதி விசில் ஊதியதும் சான் டியாகோ வீரர்கள் ஒரு காலை மடக்கி மண்டியிட்டார்கள்; பிறகு எழுந்து மைதானத்தை விட்டு வெளியே நடந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம் கையை விட்டுப் போனது, பிளேஆஃப் வாய்ப்பும் போனது. திட்டியதாகச் சொல்லப்பட்டவர் மறுத்தார். லீக் விசாரித்து அவருக்கு 6 ஆட்டத் தடை விதித்தது. தன் ஒருவனால் அணியின் உழைப்பு வீணாகக் கூடாது என்று மார்ட்டின் சக வீரர்களைத் தடுக்கப் பார்த்தார் என்பதுதான் இதில் மனதை அறுக்கிற செய்தி. அவர்கள் கேட்கவில்லை.

டிரெஸ்ஸிங் ரூம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு, ராஜர்ஸோடு ஒரே அணியில் ஆடிய ஒருவர் கோச்சானபோது என்ன செய்தார் என்பதை நான் காட்டுவேன்.

பெண்கள் கால்பந்து இதில் எங்கேயோ போய்விட்டது. மேகன் ரப்பினோ 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு முன்பே சொல்லிவிட்டு, 2019 உலகக் கோப்பையில் தங்கக் காலணி, தங்கப் பந்து இரண்டையும் வாங்கினார். அந்தப் போட்டியில் வெளிப்படையாக அறிவித்த வீராங்கனைகள் 40 பேர் அளவுக்கு இருந்தார்கள். ஆண்கள் பக்கம் எண்ணுவதற்கு விரல்கள் போதும். 2021இல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் கவாலோ. 2022 மே மாதம் இங்கிலாந்தின் பிளாக்பூல் அணியில் 17 வயது ஜேக் டேனியல்ஸ், அந்த நாட்டில் ஃபஷானுவுக்குப் பிறகு ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன முதல் தொழில்முறை வீரர். நடுவில் 30 வருடத்துக்கும் மேலான இடைவெளி. 2023 பிப்ரவரியில் செக் குடியரசு தேசிய அணியின் யாகுப் யாங்க்டோ. ஜெர்மனிக்கு 52 ஆட்டங்கள் ஆடிய தாமஸ் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர், பூட்ஸைத் தொங்கவிட்ட பிறகு 2014இல்தான் வாய் திறந்தார். கத்தாரில் 2022இல் 32 நாடுகளின் ஆண்கள் அணிகள் ஆடின. அதில் வெளிப்படையாக அறிவித்த ஒருவர்கூட இல்லை.

இத்தனை ஆயிரம் வீரர்களில் இவ்வளவு பேர்தான் என்று நம்பச் சொன்னால் நம்ப முடியாது. மற்றவர்கள் இன்னும் மூலையில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களிடம் தைரியத்தை எதிர்பார்ப்பதைவிட, அரீனா மாதிரி ஆள் ஆடுவானா என்று மட்டும் கேட்கிற கோச்சுகளையும், டோனவன் மாதிரி ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவர்களையும் கிளப்புகளிடம் கேட்பதே நியாயம். 1992இல் தொடங்கிய இங்கிலாந்து பிரீமியர் லீகில், ஆடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்ன ஆண் வீரர் இன்றுவரை ஒருவரும் இல்லை.